வரலாற்றுச் சான்றும் புனைவின் எல்லையும்: ஹிலாரி மாண்டெல் அம்மையாரின் வாழ்வும் பணியும்

வரலாற்று நாவல் என்னும் இலக்கிய வகையை வரலாற்றறிஞரும் முழுமையாக ஏற்பதில்லை. இலக்கியத் திறனாய்வாளரும் முழுமையாக ஏற்பதில்லை. முன்னவர் அதனைப் பொய் கலந்த வரலாறு என்பர். பின்னவர் அதனைச் செய்தி மிகுந்த கதை என்பர். இவ்விரு திறத்தாரின் ஐயங்களையும் நன்கு உணர்ந்து, அவற்றிற்குத் தம் நூல்களாலேயே விடை கூற முயன்றவர் ஹிலாரி மாண்டெல் அம்மையார். 1952இல் பிறந்து 2022இல் மறைந்த இவர், அண்மைக் காலத்து ஆங்கில நாவலாசிரியருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல்லைத் தலைவனாகக் கொண்டு இவர் இயற்றிய மூன்று நாவல்களும் வரலாற்று நாவலின் இலக்கணத்தையே மீண்டும் ஆராய வேண்டிய தேவையை உண்டாக்கின.

சான்று பேசுமிடத்தில் நாவலாசிரியர் செய்ய வேண்டுவது யாது? சான்று பேசாது நிற்குமிடத்தில் அவர்க்குள்ள உரிமை யாது? அவ்வுரிமை எங்கே முடிவடைகிறது? இம்மூன்று வினாக்களையும் மாண்டெல் அம்மையாரின் வாழ்வையும் நூல்களையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்க்கை

மாண்டெல் அம்மையார் 1952ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்துக் கிளாசப் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதன் அருகிலுள்ள ஹாட்ஃபீல்டு என்னும் ஆலைச் சிற்றூரில். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர் வழியில் வந்த எளிய குடும்பம் அது. இவருடைய பதினோராம் வயதளவில் தாயார் தம் மக்களுடனும் ஜாக் மாண்டெல் என்பவருடனும் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அதன் பின்னர்த் தந்தையாரை இவர் கண்டதில்லை. பிறப்பால் தாம்சன் என வழங்கிய இவர் மாண்டெல் எனப் பெயர் பெற்றது இவ்வாறுதான்.

1970இல் இலண்டன் பொருளியற் கல்லூரியில் சட்டம் பயிலச் சேர்ந்து, பின்னர் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திற்கு மாறி 1973இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞராகும் எண்ணம் நிறைவேறவில்லை. முதியோர் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியும், மான்செஸ்டர் நகரத்துப் பெருங்கடை ஒன்றில் விற்பனைப் பணியும் புரிந்தார். நிலவியல் அறிஞரான தம் கணவருடன் 1977இல் ஆப்பிரிக்காவின் போட்சுவானா நாட்டிற்கும், 1980களில் சவூதி அரேபியாவின் ஜித்தா நகருக்கும் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தார். சட்டக் கல்வி இவர்க்கு வாழ்க்கைத் தொழிலாகவில்லையேனும் வீணாகவில்லை. சாட்சியின் சொல்லை எவ்வாறு நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்னும் பயிற்சி இவர்தம் நாவல்கள் முழுவதிலும் விளங்கக் காணலாம்.

நோயும் சான்றும்

இவர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றை இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது எனக் கருதி ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். இளமை தொட்டு இவர் கடும் வயிற்று வலியால் வருந்தினார். மருத்துவர்கள் அதனை உடல் நோயாகக் கொள்ளாது மனநோயாகக் கொண்டு, அதற்குரிய மருந்துகளைக் கொடுத்தனர். எழுதுவதும் நோயின் அறிகுறியாகவே அவர்கட்குத் தோன்றியது. போட்சுவானாவில் இருந்தபொழுது மருத்துவப் பாடநூல்களைத் தாமே பயின்று, கருப்பையின் உட்சவ்வு பிறவிடங்களில் வளரும் நோயே தமக்குற்றது என்று இவர் தெளிந்தார். அத்தெளிவு சரியென மருத்துவர்கள் பின்னர் உறுதி செய்தனர். இருபத்தேழாம் வயதில் நிகழ்ந்த அறுவை மருத்துவத்தால் மகப்பேறு என்றும் இயலாததாயிற்று. இவ்வரலாற்றை 2003இல் வெளிவந்த ‘கிவிங் அப் தி கோஸ்ட்’ என்னும் தன்வரலாற்று நூலில் இவரே விரித்துரைத்துள்ளார்.

ஒருவர் தம் உடலைப் பற்றிக் கூறும் சொல்லே நம்பப்படாது போதலும், அதிகாரமுடையோர் எழுதி வைத்த குறிப்பே உண்மையென நிலைபெறுதலும் இவர் பட்டறிந்த உண்மைகள். ஏடுகளில் எழுதப்பட்டவை அனைத்தும் எவரோ ஒருவரால், ஏதோ ஒரு நோக்கத்துடன் எழுதப்பட்டவை என்னும் உணர்வு இவர்க்கு நூலறிவால் மட்டும் வந்ததன்று. நோய் ஒன்றே இவரை நாவலாசிரியராக்கிற்று என்று நாம் கூற வரவில்லை. சான்றுகளை இவர் அணுகிய முறைக்கு அது ஓர் அடிப்படை என்பதே நம் கருத்து.

முதற் பெருநூல்

இவர் முதலில் எழுதிய நாவல் முதலில் வெளிவந்த நாவலன்று. பிரெஞ்சுப் புரட்சியைப் பொருளாகக் கொண்ட ‘எ பிளேஸ் ஆஃப் கிரேட்டர் சேஃப்டி’ என்னும் பெருநூலை 1974இல் தொடங்கி 1979 அளவில் முடித்தார். அதனைப் பதிப்பிப்பார் ஒருவருமிலர். 1985இல் ‘எவ்ரி டே இஸ் மதர்ஸ் டே’ என்னும் வேறொரு நாவலால் பெயர் பெற்று, மேலும் சில நூல்கள் வெளியிட்ட பின்னரே, 1992இல் அது அச்சேறியது. டான்டன், ரோபஸ்பியர், கமிய் டெமுலான் ஆகிய மூவரின் இளமை முதல் இறப்பு வரையுள்ள வரலாறே அந்நூல்.

பிற்காலத்து நாவல்களில் இவர் கைக்கொண்ட நெறி இந்நூலிலேயே உருப்பெற்றுவிட்டது. கதையின் வசதிக்காக நாளையோ இடத்தையோ நிகழ்ச்சியையோ மாற்றுதல் கூடாது என்பது இவர் கொள்கை. ஒருவர் ஓரிடத்தில் இன்ன நாளில் இருந்தார் என்று ஆவணம் கூறுமாயின் நாவலிலும் அவர் அங்கேயே இருத்தல் வேண்டும். வரலாறு கதைக்கு இயையாவிடின் கதையைத்தான் மாற்றுதல் வேண்டும். ஆவணம் முடிந்த இடத்தில் புனைவு தொடங்கலாம். இந்நூலின் முன்னுரையில், நம்பத்தகாதது போலத் தோன்றும் செய்தி பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும் என்று இவர் படிப்போர்க்குக் கூறுவதும் இக்கொள்கையின் விளைவே. 2017இல் பி.பி.சி. வானொலியில் நிகழ்த்திய ஐந்து ரீத் சொற்பொழிவுகளிலும் இந்நெறியையே விரித்து விளக்கினார்.

இடைக்கால நூல்கள்

1985க்கும் 2005க்கும் இடைப்பட்ட நூல்கள் பலதிறத்தன. ஜித்தா வாழ்க்கையினின்று எழுந்தது ‘எய்ட் மந்த்ஸ் ஆன் கஸ்ஸா ஸ்ட்ரீட்’ (1988). 1950களின் வடஇங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் சமய வாழ்வை எள்ளலுடன் கூறுவது ‘ஃபிளட்’ (1989). இறந்தோருடன் பேசுவதைத் தொழிலாகக் கொண்ட பெண்ணொருத்தியின் கதை ‘பியாண்டு பிளாக்’ (2005).

இவற்றுள் நம் ஆராய்ச்சிக்கு நெருங்கியது 1998இல் வெளிவந்த ‘தி ஜெயன்ட் ஓ’பிரையன்’. சார்லஸ் பர்ன் என்னும் அயர்லாந்து நாட்டு நெடியோன் இலண்டனில் தன் உருவத்தையே காட்சிப் பொருளாக்கிப் பிழைத்து 1783இல் இளமையிலேயே இறந்தான். தன் உடல் அறுவையாளர் கையில் அகப்படலாகாது என்றும், கடலில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்றும் அவன் விரும்பினான். எனினும் ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பொருள் கொடுத்து அவ்வுடலைப் பெற்றார். எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இலண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. நாவலில் அந்நெடியோன் ஐரிஷ் வாய்மொழிக் கதைகளைச் சொல்லும் கதைவாணனாகப் படைக்கப்பட்டுள்ளான்.

அவ்வெலும்புகளை அயர்லாந்திற்கு அனுப்பி அடக்கம் செய்தல் வேண்டும் என்று மாண்டெல் அம்மையார் 2020இல் வெளிப்படையாக வேண்டினார். அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறந்தபொழுது எலும்புக்கூடு காட்சியினின்று நீக்கப்பட்டிருந்தது. அதனைக் காண அம்மையார் உயிருடன் இல்லை. இறந்தோரை எழுதுவோர்க்கு இறந்தோர் மாட்டுக் கடமை உண்டு என்பது இவர்க்கு வெறும் கொள்கையன்று என்பதை இந்நிகழ்ச்சியால் அறியலாம்.

கிராம்வெல்லும் ஆவணங்களும்

இனி, இவரது புகழுக்கு நிலைக்களமாகிய கிராம்வெல் நாவல்களைக் காண்போம். ‘உல்ஃப் ஹால்’ 2009இலும், ‘பிரிங் அப் தி பாடீஸ்’ 2012இலும், ‘தி மிரர் அண்டு தி லைட்’ 2020இலும் வெளிவந்தன. முதலிரண்டும் புக்கர் பரிசு பெற்றன. அப்பரிசை இருமுறை பெற்ற முதற் பெண்மணி இவரே.

தாமஸ் கிராம்வெல், பதினேழாம் நூற்றாண்டில் மன்னராட்சியை வீழ்த்திய ஆலிவர் கிராம்வெல்லினும் வேறானவர். ஆலிவர் இவருடைய உடன்பிறந்தாள் வழியில் தோன்றியவர். தாமஸ் 1485 அளவில் இலண்டனுக்கு அண்மையிலுள்ள பட்னியில் பிறந்தார். தந்தை கொல்லுத் தொழிலும் மதுவடிக்கும் தொழிலும் செய்தவர். இளமையில் இத்தாலியிலும் தாழ்நில நாடுகளிலும் திரிந்து, பின்னர்ச் சட்ட அறிவும் வாணிக அறிவும் உடையவராய்க் கார்டினல் உல்ஸியின் பணியில் அமர்ந்தார். 1529இல் உல்ஸி வீழ்ந்தார், கிராம்வெல் வீழவில்லை. 1534இல் மன்னரின் முதன்மைச் செயலரானார். உரோமத் திருச்சபையினின்று இங்கிலாந்து பிரிந்ததும், மடங்கள் கலைக்கப்பட்டதும், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பங்குதோறும் பதிவு செய்ய 1538இல் ஆணை பிறந்ததும் இவர் ஆட்சித் திறத்தால் நிகழ்ந்தன. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு ஆக்கப்பட்டார். ஜூன் 10இல் சிறைப்பட்டார். ஜூலை 28இல் வழக்கு மன்ற விசாரணையின்றிப் பாராளுமன்றச் சட்டத்தின்படி தலை வெட்டுண்டார்.

இவர் சிறைப்பட்டபொழுது இவர் வீட்டிலிருந்த ஏடுகள் அனைத்தும் அரசால் கைப்பற்றப்பட்டன. ஆதலின் இவர்க்கு வந்த கடிதங்கள் பெருந்தொகையாக இன்றும் கிடைக்கின்றன. ஆனால் இவர் பிறர்க்கு எழுதியவற்றின் படிகளுட் பெரும்பாலன இல்லை. தலைவர் சிறைப்பட்ட செய்தி கேட்டவுடன் வீட்டார் அவற்றை அழித்திருத்தல் கூடும் என்பது 2018இல் கிராம்வெல்லின் விரிவான வரலாற்றை வெளியிட்ட டயர்மெய்ட் மக்கலக் என்னும் பேராசிரியரின் கருத்து. பிறர் அனைவரும் அவரிடம் பேசுகின்றனர். அவர் குரல் மட்டும் அரிதாகவே கேட்கிறது.

குரல் இழந்த இவரைப் பின்வந்தோர் பலவாறு பேசவைத்தனர். புராட்டஸ்டன்ட் தியாகிகளின் வரலாற்றை 1563இல் வெளியிட்ட ஜான் ஃபாக்ஸுக்கு இவர் சமய வீரர். 1902இல் இவர் கடிதங்களைத் தொகுத்த மெரிமனுக்கு இவர் அறமற்ற அரசியலாளர். 1953இல் ‘டியூடர் ஆட்சிப் புரட்சி’ குறித்து நூலெழுதிய எல்டனுக்கு இவர் புதிய அரசமைப்பை வகுத்த மேதை. 1960இல் அரங்கேறி 1966இல் திரைப்படமான ராபர்ட் போல்ட்டின் ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’ நாடகத்திலோ இவர் சான்றோராகிய தாமஸ் மோரை அழித்த கொடியவர். பொதுமக்கள் உள்ளத்தில் நிலைத்தது இறுதியிற் கூறிய உருவமே. ஹோல்பைன் தீட்டிய மோர், கிராம்வெல் ஓவியங்கள் இரண்டும் நியூயார்க்கு நகரத்து ஃபிரிக் காட்சியகத்தில் ஒரு கணப்பின் இருபுறமும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பது, இருவர் புகழும் ஒன்றையொன்று எதிர்த்தே நிற்பதற்கு அடையாளம் போல உள்ளது.

மாண்டெல் அம்மையார் இவ்வழக்கினுள் புகுந்தபொழுது வெறுங்கையராய்ப் புகவில்லை. கலிபோர்னியாவிலுள்ள ஹன்டிங்டன் நூலகத்தின் கையெழுத்துப் படிக் காப்பாளரும், கிராம்வெல்லின் பணியாளர் குழுவை ஆராய்ந்தவருமான மேரி ராபர்ட்சன் என்பார்க்கு ‘உல்ஃப் ஹால்’ உரிமையாக்கப்பட்டுள்ளது. அந்நூலகமே மாண்டெலின் கையெழுத்துப் படிகளையும் காத்து வருகிறது.

மௌனத்தில் எழுந்த புனைவு

சான்றும் புனைவும் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளை ஆராய்வோம்.

முதலாவது, கிராம்வெல் அழுத நிகழ்ச்சி. உல்ஸியின் அணுக்கப் பணியாளராயிருந்த ஜார்ஜ் காவண்டிஷ், ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து எழுதிய உல்ஸி வரலாற்றில் இதனைக் கூறுகிறார். 1529 நவம்பர் முதல் நாள், எஷர் மாளிகையின் பெரிய சாளரத்தருகில் கையில் மன்றாட்டு நூலுடன் கிராம்வெல் நின்றார். அவர் கண்களில் நீர் வடிந்தது. வினவிய காவண்டிஷிடம், வாழ்நாள் முழுதும் உழைத்துத் தேடியவற்றை இழக்க நேரும் போலும் என்றார். காவண்டிஷ் கண்டதும் கேட்டதும் இவ்வளவே.

இதனுடன் வேறோர் ஆவணத்தையும் வைத்து நோக்குதல் வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் கிராம்வெல் எழுதிய இறுதி முறி கிடைத்துள்ளது. மனைவி எலிசபெத் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். ஆன், கிரேஸ் என்னும் இரு பெண் மக்களுக்கு அம்முறியில் ஒதுக்கப்பட்ட பகுதிகள் பின்னர்க் கோடிட்டு அடிக்கப்பட்டுள்ளன. அம்மக்கள் இறந்தனர் என்பது அக்கோடுகளால் நாம் அறியும் செய்தி. அவர்களைப் பற்றி வேறு செய்தி மிகுதியாக இல்லை. மாண்டெல் அம்மையார் இவ்விரு ஆவணங்களையும் ஒன்றுபடுத்தினார். நாவலில் கிராம்வெல்லின் கையிலிருப்பது இறந்த மனைவியின் மன்றாட்டு நூல். அவர் அழுவது பெண்டிரையும் பிள்ளைகளையும் நினைந்து. காவண்டிஷ் அதனைப் பதவி இழப்பிற்காக அழும் அழுகை என்று பிறழ உணர்கிறார். காவண்டிஷ் எழுதிய ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. அச்சொற்களின் உட்பொருள் மட்டும் மாறிவிட்டது. இது சான்றுக்கு முரணன்று. மெய்யென நிறுவவும் இயலாது. பொய்யென மறுக்கவும் இயலாது.

இரண்டாவது, கார்டினல் நரகம் புகுந்த கேலிக்கூத்து. உல்ஸி இறந்த சில திங்களில், 1531 தொடக்கத்தில், ஆன் பொலினின் தந்தையார் பிரெஞ்சுத் தூதருக்கு அளித்த விருந்தில் இத்தகைய கூத்து நடைபெற்றது என்றும், அதனை அச்சிட நார்ஃபோக் பிரபு ஏற்பாடு செய்தார் என்றும் பேரரசின் தூதர் சாப்பூயி எழுதியுள்ளார். நடித்தவர் யாவர் என்னும் செய்தி அதில் இல்லை. நாவலில் கார்டினலின் கைகால்களைப் பற்றி இழுக்கும் நான்கு பேய்களாக நடிப்போர் ஜார்ஜ் பொலின், நாரிஸ், வெஸ்டன், பிரரட்டன் ஆகியோர். கிராம்வெல் அதனைக் கண்டு உள்ளத்தில் குறித்துக்கொள்கிறார். 1536 மே 17இல், அரசி ஆன் பொலினுடன் கள்ள உறவு கொண்டனர் என்னும் குற்றச்சாட்டில் தலை வெட்டுண்டவர் இந்நால்வரும், மார்க் ஸ்மீட்டன் என்னும் இசைவாணனுமே ஆவர். குற்றமற்றோராக இருத்தற்கு இடமுள்ள இந்நால்வர் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பது வரலாற்றில் தீராத வினா. ஐந்தாண்டு அடக்கி வைத்த பழியுணர்ச்சியே காரணம் என்று நாவல் விடை தருகிறது.

இவ்விடை வரலாறு ஆகாது. ஆயினும் இதன் அமைப்பைக் கருதுக. கூத்து நடந்தது சான்று. நால்வர் இறந்ததும் சான்று. இரண்டிற்கும் இடைப்பட்டதே புனைவு. உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் இயைத்து அமைவதே புலனெறி வழக்கம் என்று பயின்ற நமக்கு இவ்வமைப்பு வியப்பளிப்பதன்று. நிகழ்ந்தது ஒன்று, நிகழ்ந்திருக்கத் தக்கது ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்கின்றன.

முரண்படும் சான்றுகள்

ஆயின் எல்லாவிடத்தும் இவ்வாறு அமைந்துள்ளதா? இல்லை என்றே கூறுதல் வேண்டும். சான்று இல்லாத இடம் வேறு. சான்றுகள் தம்முள் முரண்படும் இடம் வேறு. மாண்டெலின் நெறி முன்னதற்கே முழுதும் பொருந்துகிறது.

தாமஸ் மோரின் படைப்பை எடுத்துக்கொள்வோம். மோர் 1529 முதல் 1532 வரை நாட்டின் சான்சலராயிருந்தார். அக்காலத்தில் சமய மாறுபாட்டாளர் அறுவர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய ஜேம்ஸ் பெய்னம் என்னும் வழக்கறிஞரை மோர் தம் செல்சி இல்லத்து மரத்தில் கட்டி அடித்தார் என்றும், கோபுரச் சிறையில் வதைக்கும் பொறியில் இடுவித்தார் என்றும் ஃபாக்ஸ் கூறுகிறார். தம் இல்லத்தில் மாறுபாட்டாளர் அடிக்கப்பட்டனர் என்னும் பழியை மோர் 1533இல் எழுதிய தம் விடைநூலில் மறுத்து, வேறு இருவர் திறத்தில் நிகழ்ந்ததை மட்டும் ஒப்புக்கொள்கிறார். ஃபாக்ஸ் எதிர்க்கட்சியினர், மோரோ தம் வழக்கில் தாமே சாட்சி. வரலாற்றாசிரியர் இருவர் கூற்றையும் எடுத்துக்காட்டி, எது ஏற்கத்தக்கது என்று காரணம் கூறுதல் வேண்டும். நாவலோ ஃபாக்ஸின் பக்கம் சாய்ந்து, மோரைக் கொடுமையில் இன்பங் காண்பவராகவே காட்டுகிறது. மோரின் நகைச்சுவையும் மக்கள்பால் அவர் கொண்ட அன்பும் அவர் பகைவர் கண்ணால் மட்டுமே காணப்படுகின்றன. கத்தோலிக்க வரலாற்றறிஞராகிய ஈமன் டஃபி முதலியோர் இதனைக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு.

கிராம்வெல்லின் திறத்திலும் இதனை நோக்குதல் வேண்டும். 1539இல் கிளாஸ்டன்பரி மடத்துத் தலைவரைக் குறித்து அவர் தமக்கென எழுதி வைத்த நினைவுக் குறிப்பு ஒன்று உளது. அத்தலைவர் கிளாஸ்டன்பரியில் விசாரிக்கப்பட்டு அங்கேயே கொல்லப்படுதல் வேண்டும் என்பது அதன் பொருள். விசாரணைக்கு முன்னரே தண்டனை முடிவாகிவிட்டது. அம்முதியவர் நவம்பர் 15இல் தூக்கிலிடப்பட்டார். அரிதாகக் கேட்கும் கிராம்வெல்லின் குரல் இங்கே தெளிவாகவே கேட்கிறது. எட்டுத் திங்கள் கழித்து அவரும் முறையான விசாரணை இன்றியே மாண்டார். நாவலின் கனிந்த உள்ளமுடைய கிராம்வெல்லைப் படித்தோர் இக்குறிப்பையும் மறவாது படித்தல் தகும்.

இவ்விடர்ப்பாட்டை அம்மையார் அறியாதவர் அல்லர். ஸ்மீட்டனின் ஒப்புதலை அவர் அமைத்த முறை இதற்குச் சான்று. 1536 ஏப்ரல் இறுதியில் கிராம்வெல்லின் இல்லத்திற்குக் கொண்டுவரப்பட்ட அவ்விளைஞன் மறுநாள் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அவன் வதைக்கப்பட்டான் என்று அக்காலத்து வதந்தி கூறும். முடிச்சிட்ட கயிற்றால் தலை இறுக்கப்பட்டது என்று ஸ்பானிய வரலாற்றேடு ஒன்று கூறும். வேறு சான்றுகள் வதையைக் குறிப்பிடவில்லை. நாவலில் அவனை இருளறை ஒன்றில் அடைக்கின்றனர். அங்கே கிறிஸ்துமஸ் விழாப் பொருள்கள் குவிந்துள்ளன. இருளில் அவற்றைத் தடவி அஞ்சியே அவன் உளம் உடைகிறான். கயிறும் இல்லை, பொறியும் இல்லை, எனினும் கொடுமை உண்டு. முரண்பட்ட சான்றுகள் எதனையும் ஏற்காமலும் தள்ளாமலும் அமைந்த இவ்விடம் மோரின் படைப்பினும் நேர்மையானது என்பது நம் கருத்து.

கூற்று முறை

இந்நாவல்களின் மொழியமைப்பில் இரு கூறுகள் குறிப்பிடத்தக்கன. முழுக் கதையும் நிகழ்காலத்தில் நடக்கிறது. நாளை நிகழ்வது எதுவென அறியாத நிலையில் கிராம்வெல் செயற்படுகிறார். முடிவை அறிந்த நாமும் அவருடன் அறியாதவராய் நிற்கிறோம். நிகழ்ந்து முடிந்தது என்பதனாலேயே ஒன்று நிகழ்ந்தே தீரவேண்டியதாக இருந்தது என்று கொள்ளும் பிழையினின்று இது நம்மைக் காக்கிறது. வரலாறு கற்போர்க்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை.

மற்றொன்று, பெயர் சுட்டாத படர்க்கைச் சொல் வருமிடத்தில் அது பெரும்பாலும் கிராம்வெல்லையே குறிக்கிறது. ‘உல்ஃப் ஹால்’ படித்தோர் பலர் இதனால் இடர்ப்பட்டனர். இரண்டாம் நாவலில் அச்சொல்லை அடுத்துக் கிராம்வெல் என்னும் பெயரையும் ஆசிரியர் பலவிடத்தும் சேர்த்தார். ஆங்கிலத்தில் அச்சொல் கொல்லன் மகனுக்கும் பிரபுவுக்கும் ஒன்றே. தமிழிலோ ‘அவன்’ என்பதா, ‘அவர்’ என்பதா என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பட்னியில் தந்தையிடம் அடிபட்டுக் கிடக்கும் சிறுவனை ‘அவன்’ என்போம். எசெக்ஸ் பிரபுவை ‘அவர்’ என்போம். எந்த நாளில், எந்தப் பக்கத்தில் இம்மாற்றம் நிகழும்? பிறப்பை மறவாத உயர்குடியினர் அவரை இறுதிவரை ‘அவன்’ என்றே எண்ணினர் என்பதும், அவர் வீழ்ச்சிக்கு அது ஒரு காரணம் என்பதும் வரலாறு. நாவலின் மையச் சிக்கல் முழுவதும் தமிழில் ஒரு விகுதியில் அடங்கி நிற்பதை மொழிபெயர்க்கப் புகுவோர் முதலிற் காண்பர்.

முடிவுரை

மாண்டெல் அம்மையார் 2022 செப்டம்பர் 22இல் எக்ஸிடர் நகரில் மறைந்தார். அவர் நூல்களினின்று நாம் பெறும் முடிவுகளைத் தொகுத்துரைப்போம்.

சான்று பேசுமிடத்தில் நாவலாசிரியர் அதற்குக் கட்டுப்பட்டவர். நாளையும் இடத்தையும் மாற்ற அவர்க்கு உரிமையில்லை. சான்று இல்லாத இடத்தில் அவர் புனையலாம். அப்புனைவு இருபுறத்துச் சான்றுகளையும் இணைக்குமாயின் அது வரலாற்றறிஞர்க்கும் புதிய வினாவை எழுப்பித் தரும். இறுதி முறியின் கோடுகளையும் சாளரத்தருகில் வடிந்த கண்ணீரையும் ஒன்றாக வைத்து நோக்கியது அத்தகையது. ஆனால் சான்றுகள் முரண்படுமிடத்தில் ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கூறாது விடுதல் புனைவின் உரிமைக்குள் அடங்குவதன்று. அங்கே நாவல் தன்னையறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. தீர்ப்பிற்குரிய காரணத்தைக் கூற அதன் வடிவம் இடந்தருவதில்லை.

ஆதலின் இந்நாவல்களை வரலாறாகப் படித்தலும் தவறு. வரலாற்றுக்குப் புறம்பானவை எனத் தள்ளுதலும் தவறு. ஆவணத்தைக் கையிலேந்தி அவற்றைப் படித்தலே முறை. நானூற்று எழுபது ஆண்டுகளாகப் பிறர் கடிதங்களுக்கிடையே குரலின்றிக் கிடந்த ஒருவர்க்கு மாண்டெல் அம்மையார் குரல் கொடுத்தார். அது கிராம்வெல்லின் குரலே என்று எவரும் உறுதி கூறார். ஆனால் அவ்விடத்தில் ஒரு குரல் இருந்தது என்பதையும், அது அழிக்கப்பட்டது என்பதையும் இனி எவரும் மறக்கார்.